பசையக்கா

சுவரில் ஒட்டிய எதைக் கண்டாலும் அதன் ஓரத்தை நகத்தால் கீறிப் பார்க்கும் ஒரு பெண்மணியோடு ஆறு வருடம் வேலை பார்த்தவன் நான். அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று உண்டு. சிவகாசியில் அந்தப் பெயரை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. எல்லாருக்கும் அவர் பசையக்கா. ‘பசைச் செய்தி’ என்ற மாத இதழின் ஆசிரியர். நிருபர், பிழை திருத்துகிறவர், சந்தாப் பிரிவு, புகார்ப் பிரிவு எல்லாமும் அவர்தான். அவர் எழுதித் தருவதைக் கம்ப்யூட்டரில் அடித்துப் பதினாறு பக்கமாகக் கட்டிக் கொடுப்பது என் வேலை.

பசைக்கு ஒரு பத்திரிகையா என்று நீங்கள் சிரிக்கலாம். முதல் நாள் நானும் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

“தம்பி, இந்த ஊர்ல பாதி வெடிக்குது, மீதி ஒட்டுது. வெடிக்கிறதப் பத்தி எழுத ஆயிரம் பேரு இருக்காக. ஒட்டுறதுக்கு நான் ஒருத்திதான்” என்றார்.

யோசித்துப் பார்த்தால் சரிதான். தீப்பெட்டிக்குப் பசை வேண்டும். வெடிக்குக் குழாய் சுற்றப் பசை வேண்டும். நோட்டு, டைரி, காலண்டர் அட்டை எல்லாவற்றுக்கும் வேண்டும். அதை அண்டாவில் காய்ச்சுகிறவர்கள், தூளாக விற்கிறவர்கள், அது புளித்துப்போனால் தலையில் கை வைத்து உட்கார்கிறவர்கள் என்று ஒரு கூட்டமே இருந்தது. அதில் எழுநூற்றுச் சொச்சம் பேர் சந்தா கட்டியிருந்தார்கள்.

நான் வேலை பார்த்த அச்சகத்துக்கு இது புதிதும் இல்லை. விருதுநகர் வியாபாரிகளுக்காக வத்தல், மல்லி விலை மட்டும் போடும் ஒரு வாரத்தாள் எங்களிடம்தான் அச்சானது. சாக்கு தைக்கிறவர்களுக்கு ஒரு இதழ் வந்தது. சுண்ணாம்புக் காளவாசல்காரர்களுக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு இதழ் வந்தது. அதன் அட்டையில் எப்போதும் ஒரு காளவாசல் படம் இருக்கும். எல்லா இதழிலும் அதே காளவாசல். எங்கள் முதலாளி யாரையும் திருப்பி அனுப்ப மாட்டார். நாளைக்கே ஒருவர் வந்து குடைக்கம்பிக்கு மட்டும் பத்திரிகை நடத்தப்போகிறேன் என்றால், எத்தனை பக்கம் என்றுதான் கேட்பார்.

ஆனால் அந்தப் பத்திரிகைக்காரர்கள் எல்லாம் அவ்வப்போது கொஞ்சம் விலகி நடப்பார்கள். சாக்கு இதழில் ராசிபலன் உண்டு. காளவாசல் இதழின் கடைசிப் பக்கத்தில் சமையல் குறிப்பு உண்டு. பசையக்கா ஒரு அங்குலம் நகரமாட்டார். எந்தச் செய்தியைக் கொண்டுபோய்க் கொடுத்தாலும் மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டு ஒரே கேள்விதான். “இதுல பசை எங்கன இருக்கு?”

விருதுநகரிலிருந்து ஒரு கவிஞர், காதலியின் நினைவு நெஞ்சில் ஒட்டிக்கொண்டதைப் பற்றி இருபது வரி அனுப்பினார். அக்கா அதைத் திருப்பி அனுப்பினார். கூடவே ஒரு அட்டையில், “எந்தப் பதத்தில் ஒட்டியது, எத்தனை நாள் நின்றது என்ற விவரம் இல்லாததால் வெளியிட இயலவில்லை” என்று எழுதியிருந்தார். கிண்டலாக எழுதியது அல்ல. அவருக்குக் கிண்டல் வராது. கவிஞர் இரண்டு விவரத்தையும் சேர்த்து மறுபடி அனுப்பியிருந்தால் சத்தியமாகப் போட்டிருப்பார்.

கொரோனா வந்து ஊரடங்கிய மாதம் உலகத்துப் பத்திரிகை எல்லாம் ஒரே செய்தியைப் போட்டன. ‘பசைச் செய்தி’யின் முதல் பக்கத் தலைப்பு: ‘காய்ச்சிய பசையைக் கெடாமல் வைத்திருப்பது எப்படி?’ எனக்கு எரிச்சலாக வந்தது. “ஊரே செத்துக்கிட்டு இருக்கு, ஒங்களுக்குப் பசையாக்கா?” என்று போனிலேயே கத்திவிட்டேன். அவர் பொறுமையாக, “பூட்டிப்போட்ட யூனிட்டுல அண்டா அண்டாவாக் கெடக்கு தம்பி. தெறக்கும்போது அம்புட்டும் புழு வச்சிருக்கும். அத யாரு சொல்லுவா?” என்றார். அந்த இதழைத்தான் ஆட்கள் போன் போட்டுக் கேட்டு வாங்கினார்கள். எனக்கு அதிலும் எரிச்சல்தான்.

அவர் வீட்டுக்காரர் ஆலங்குளம் சிமெண்ட் ஆலையில் வேலை பார்த்தார். சாதுவான மனுஷன். மனைவியின் பத்திரிகையில் ஒரு தடவையாவது தன் பெயர் வரவேண்டும் என்று ஆசைப்பட்டு, சிமெண்ட் எப்படிக் கல்லையும் கல்லையும் ஒட்டுகிறது என்று நாலு பக்கம் எழுதினார். அக்கா படித்தார். “சிமெண்ட்டு இறுகுது. ஒட்டல” என்றார். அதோடு விடவில்லை. மற்ற எல்லோருக்கும் செய்வதுபோல அதையும் உறையில் போட்டு, தபால்தலை ஒட்டி அனுப்பினார். ஒரே வீட்டுக்குள். தபால்காரர் அதைக் கொண்டுவந்து அக்காவின் கையிலேயே கொடுத்துவிட்டுப் போனாராம். வீட்டுக்காரரே இதை என்னிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாட்டுப் புத்தகத்தின் முதுகைத் தடவிக்கொண்டேதான் ஆமென் சொல்வாள் என்றும் சொன்னார்.

கல்யாணப் பத்திரிகை கொடுக்க வருகிறவர்கள் பாடு இன்னும் மோசம். அக்கா முதலில் உறையின் வாயை முகர்ந்து பார்ப்பார். “தேதியப் பாருங்கக்கா” என்பார்கள். “பாக்கேன், பாக்கேன். ஒறை புளிச்சுக் கெடக்கே, எங்கன அடிச்சீக?” என்பார். ஒரு தடவை, இறந்துபோன என் சித்தப்பா வீட்டுக்கு அக்கா மாலையோடு வந்தார். உள்ளே நுழைகிறதற்கு முன்னால், தெருச் சுவரில் ஒட்டியிருந்த கண்ணீர் அஞ்சலி போஸ்டரின் மூலையைக் கீறினார். என் காதோரம் வந்து, “வெறும் மைதா. மயில்துத்தம் போடல. நாளைக்கு மாடு தின்னுரும் தம்பி” என்றார். அப்பா போன துக்கத்தில் நின்றுகொண்டிருந்த சித்தப்பா மகன், அக்கா என்ன சொன்னார் என்று கேட்டான். ஆறுதல் சொன்னார்கள் என்றேன். மறுநாள் காலை சித்தப்பாவின் முகத்தில் பாதியை மாடு தின்றிருந்தது.

அவருக்கென்று ஒரு விரோதியும் இருந்தார். புத்தகங்களுக்குக் கம்பித் தையல் போடுகிறவர்களுக்காக ஒரு இதழ் நடத்தியவர். பசை நிற்குமா, கம்பி நிற்குமா என்று இரண்டு பேரும் நாலு வருடம் எழுத்தில் சண்டை போட்டார்கள். அவருடைய இதழுக்கு நடுவில் கம்பி அடித்திருக்கும். எங்களுடையதற்கு முதுகில் பசை. இரண்டையும் பக்கம் கட்டியவன் நான்தான். காலையில் அவர் திட்டுவதை அடிப்பேன், மத்தியானம் இவர் பதிலை அடிப்பேன். நேரில் பார்த்தால் “நல்லாயிருக்கீகளா?” என்று கேட்டுக்கொள்வார்கள்.

இதையெல்லாம் சொல்லிச் சிரித்துவிட்டு எழுந்து போய்விடலாம். ஆனால் சண்முகத்தாய் விஷயத்தைச் சொல்லாவிட்டால் பசையக்காவைப் பற்றிச் சொன்னதாகாது.

ஒரு கார்த்திகை மாதம். ஐப்பசியில் பிடித்த மழை விட்டபாடில்லை. காலண்டர் சீசன் உச்சத்தில் இருந்தது. அக்கா என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பிழை பார்த்துக்கொண்டிருந்தபோது, நாற்பது வயது இருக்கும், ஒரு பெண் கையில் தூக்குவாளியோடு வந்து வாசலில் நின்றார். தாயில்பட்டியிலிருந்து வருவதாகச் சொன்னார். பெயர் சண்முகத்தாய். சிவகாசியில் ஒரு காலண்டர் யூனிட்டில் நாலு வருடமாகப் பசை காய்ச்சுகிறவர். முந்தின நாள்தான் அவரை வேலையைவிட்டு நிறுத்தியிருந்தார்கள்.

நடந்தது இதுதான். சாமி படம் அச்சடித்த தாளைக் கனத்த அட்டையில் ஒட்டிக் காலண்டர் செய்வார்கள். அந்த யூனிட்டிலிருந்து ஒரு ஜவுளிக்கடைக்குப் போன லோடு அப்படியே திரும்பி வந்துவிட்டது. முருகன் அட்டையைவிட்டு எழும்பிக் கொப்புளம் கொப்புளமாக நின்றார். வள்ளி பாதி கழன்றிருந்தார். முதலாளி நேராகப் பசை அண்டாவிடம் வந்தார். தண்ணீரைக் கூட ஊற்றிவிட்டாய், பதம் பார்க்காமல் இறக்கிவிட்டாய் என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

“நான் அளந்துதாம்மா ஊத்துனேன்” என்றார் சண்முகத்தாய். “புதுசா ஒரு பசைத்தூளு வந்துச்சு. இம்புட்டுத் தூளுக்கு இம்புட்டுத் தண்ணின்னு ஒங்க பொஸ்தகத்துல போட்டிருந்தத மொதலாளிதான் வாசிச்சுச் சொன்னாரு. ஒரு சொட்டு மாத்தல. ‘பசைச் செய்தியிலயே போட்டிருக்காக, அதுல தப்பு வருமா, நீதான் கெடுத்துட்ட’ன்னுட்டாரு. வேற யூனிட்டுலயும் சொல்லிட்டாக போல. எவரும் சேக்க மாட்டேங்காக.”

பிறகு இன்னொன்றும் சொன்னார். அவருடைய அக்காள் வெடி ஆபீஸில் வேலை செய்து, அங்கேயே ஒரு வெடிவிபத்தில் போனவர். எங்கள் பக்கம் பட்டாசு ஆலையை வெடி ஆபீஸ் என்றுதான் சொல்வோம். அன்றைக்குச் சண்முகத்தாயும் அதே ஆபீஸில் வேறு ரூமில் இருந்திருக்கிறார். அதற்குப் பிறகுதான் பசைக்கு வந்தது.

“எம் மக பள்ளிக்கூடத்துல இருந்து வந்ததும் மொத வேலையா எங் கைய மோந்து பாக்கும்மா. மாவு வாடை அடிச்சாத்தான் சோத்துல கை வைக்கும். இப்பத் தீவாளி முடிஞ்சு பூசை போட்டு வெடி ஆபீஸெல்லாம் தெறந்துட்டாக. ஊருக்குள்ள வேன் வருது. ஆளு கேக்காக. நான் என்ன செய்ய, சொல்லுங்க” என்று அழுதார்.

அக்கா அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்கவில்லை. தூக்குவாளியைத் திறந்தார். உள்ளே இருந்த பசையை விரலால் தொட்டார், முகர்ந்தார், இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து இழுத்துப் பார்த்தார். “எம்புட்டு நேரம் கிண்டுன?” என்றார். “தூளு வந்த சாக்கு இன்னும் இருக்கா?” என்றார். “நாளைக்கு அதுல ரெண்டு படி கொண்டா” என்றார். அவ்வளவுதான். அழுகிற பொம்பளைக்கு ஒரு வாய் காபி வாங்கிக் கொடுக்கத் தோன்றவில்லை அவருக்கு. நான்தான் கடைக்குப் போய் வாங்கி வந்தேன். வரும்போது கோபத்தில் பாதியைச் சிந்திவிட்டேன்.

சண்முகத்தாய் போனதும் அக்கா ஆடி மாத இதழை எடுத்து வரச் சொன்னார். முதல் பக்கத்தில் அந்தப் பசைத்தூளைப் பற்றி அவரே எழுதிய கட்டுரை. சீசன் தொடங்குகிற நேரத்தில் வந்ததால் பல பேர் அதைப் பார்த்துத்தான் தூள் வாங்கியிருந்தார்கள். பின்னட்டையில் அந்தத் தூள் கம்பெனியின் விளம்பரம் இருந்தது. விளம்பரத்துக்காக எழுதுகிறவர் இல்லை அக்கா. எந்தப் பசையானாலும் சுவரில் ஒட்டி இருபத்தொரு நாள் பார்த்துவிட்டுத்தான் ஒரு வரி எழுதுவார்.

“இத நான் சித்திரையில ஒட்டிப் பாத்தேன் தம்பி. எங்க மொட்டமாடிச் செவத்துல” என்றார். “ஏழாம் நாளே கல்லு கணக்கா நின்னுச்சு. இனி என்னத்தப் பாக்கன்னு விட்டுட்டேன்.”

சித்திரை வெயிலில் மொட்டைமாடிச் சுவரில் எச்சில் தொட்டு ஒட்டினால்கூட நிற்கும். ஈரம் பிடித்தால் என்ன ஆகும் என்று பார்க்கவில்லை. ஊரில் எல்லாருக்கும் மழைக்காலத்துப் பசையைப் பற்றிப் பாடம் எடுத்தவர், வெயில் காலத்தில் சோதித்துவிட்டு எழுதிவிட்டார். அவர் முகம் சுண்டிப்போயிற்று. அன்று அதற்குமேல் பிழை பார்க்கவில்லை.

மறுநாள் சண்முகத்தாய் தூளோடு வந்தார். அச்சகத்தின் பின்கட்டில் அடுப்பு மூட்டி, வழக்கமாகச் செய்கிறபடியே காய்ச்சச் சொன்னார் அக்கா. பிறகு அதே தூளை அதே அளவில் தானும் தனியாகக் காய்ச்சினார். மூன்றாவதாகப் பழைய முறையில், மைதாவும் மயில்துத்தமும் போட்டு ஒரு பசை. பின்சுவர் மழைச் சாரலில் ஊறிக் கிடந்தது. அதில் மூன்று வரிசையாகத் தாள் துண்டுகளை ஒட்டினார். முதல் வரிசைக்கு மேல் ‘சண்முகத்தாய்’ என்றும், இரண்டாவதற்கு மேல் ‘நான்’ என்றும், மூன்றாவதற்கு மேல் ‘மைதா’ என்றும் எழுதினார்.

“இருபத்தோரு நாளு. பெறவு எழுதுதேன்” என்றார்.

சண்முகத்தாய் தலையை ஆட்டிவிட்டுப் போனார். நான்காவது நாள் அவர் வேன் ஏறிவிட்டதாகத் தெரிந்தது. பழைய காலண்டர் யூனிட்டில் வேலை பார்க்கும் ஒரு பையன் பேப்பர் எடுக்க வந்தபோது சொன்னான். வெடி ஆபீஸுக்குத்தான். அக்கா அப்போது சுவர் முன்னால் நின்று கீறிக்கொண்டிருந்தார். கேட்டது. திரும்பவில்லை.

ஒன்பதாம் நாள் ‘சண்முகத்தாய்’ வரிசையில் தாளின் ஓரம் எழும்பியது. அதே நாள் ‘நான்’ வரிசையிலும் எழும்பியது. மைதா அசையவில்லை. எனக்கு அதற்குமேல் பொறுமை இல்லை.

“ரெண்டும் ஒண்ணாத்தானக்கா எந்திரிக்குது! காய்ச்சுனதுல தப்பில்ல, தூளுலதான் தப்புன்னு கண்ணுக்கு முன்னால தெரியுதே. இன்னைக்கே எழுதுங்க, அடிச்சுத் தாரேன்.”

“மைதாவும் பதினஞ்சாம் நாளு எந்திரிச்சுட்டா? அப்ப தப்பு தூளுல இல்ல, செவத்துல. மறுபடி ஒரு பொய்ய எழுதுனவளாயிருவேன்.”

“எழுதாட்டிப் போகுது. அந்த மொதலாளிகிட்டப் போயி வாயால சொல்லுங்க.”

“எழுத்துல போட்டதத்தான் அவரு நம்புதாரு. எழுத்துலதான் மாத்தணும். ஏழு நாளுல அவசரப்பட்டுத்தான தம்பி அந்தப் பொம்பள வேல போச்சு?”

“நீங்க நிதானமா இருக்க ஒவ்வொரு நாளும் அந்தம்மா வெடிமருந்து ரூமு பக்கத்துல ஒக்காந்திருக்கு” என்றேன்.

சொல்லியிருக்கக் கூடாதுதான். சொல்லிவிட்டேன். அக்கா மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு மாட்டிக்கொண்டு, அன்றைய தேதியைச் சுவரில் குறித்துவிட்டு வீட்டுக்குப் போனார். கல் நெஞ்சுக்காரி என்று நான் என் மனைவியிடம் சொன்னேன். அன்றைக்கு அப்படித்தான் நினைத்தேன்.

அதிலிருந்து தினமும் இரண்டு தடவை வந்தார். காலையில் ஒருமுறை, சாயங்காலம் தாயில்பட்டி வேன்கள் திரும்புகிற நேரத்துக்கு ஒருமுறை. சுவரைப் பார்ப்பார், வாசலுக்கு வந்து சாலையில் போகிற வேன்களைப் பார்ப்பார். எந்த வேன் எந்த ஊருக்குப் போகிறது என்று அவருக்குத் தெரியாது. எல்லாவற்றையும் பார்ப்பார். எப்படியோ விஷயம் தெரிந்து தூள் கம்பெனிக்காரர் போன் செய்தார். பின்னட்டை விளம்பரத்தை எடுத்துவிடுவேன் என்றார். “எடுத்துருங்க” என்று சொல்லிவிட்டு அக்கா போனை வைத்துவிட்டார்.

பதினான்காம் நாள் மழை வெறித்து வெயில் அடித்தது. மத்தியானம் ஒரு மணி இருக்கும். காலையில் வந்த அக்கா இன்னும் பின்கட்டில்தான் இருந்தார். அச்சகத்தின் ஜன்னல் கண்ணாடி ஒருமுறை அதிர்ந்து நின்றது. எங்கள் ஊரில் அப்படி அதிர்ந்தால் யாரும் அலற மாட்டார்கள். எல்லாரும் ஒரு நொடி அப்படியே நிற்பார்கள். பிறகு எந்தப் பக்கம் என்று கேட்பார்கள். பிறகு போனை எடுப்பார்கள்.

“வெம்பக்கோட்டப் பக்கம்” என்றார் மெஷின்காரர், போனைக் காதில் வைத்துக்கொண்டே.

அக்கா பின்கட்டிலிருந்து ஓடி வந்தார். அவர் ஓடி நான் அதுவரை பார்த்ததில்லை. “அந்தப் பொம்பள எந்த ஆபீஸுக்குப் போறா?” என்றார்.

எனக்குத் தெரியவில்லை.

“அவ நம்பராவது இருக்கா?”

அதுவும் இல்லை. நான் அவ்வளவு கோபப்பட்டேன், காபி வாங்கிக் கொடுத்தேன், அக்காவிடம் சண்டை போட்டேன். எந்த ஆபீஸ் என்று கேட்கவில்லை. இருவருமே கேட்கவில்லை. அந்த நிமிஷத்தில் எனக்கு என்மேல் வந்த வெறுப்பு கொஞ்சநஞ்சமில்லை.

அக்காவைப் பின்னால் உட்காரவைத்து வண்டியை எடுத்தேன். தாயில்பட்டியில் வேன் நிற்கிற இடத்தில் ஏற்கெனவே கூட்டம். ஒரு ஆபீஸில் மருந்து ரூம் போய்விட்டது என்பது மட்டும் தெரிந்தது. அதில்தான் சண்முகத்தாய் வேலை பார்க்கிறார் என்று பக்கத்தில் நின்ற ஒரு கிழவர் சொன்னார். பள்ளிச் சீருடையோடு ஒரு பெண்பிள்ளை, கூட்டத்துக்கு முன்னால், சாலை விளிம்பில் நின்றது. யார் மகள் என்று கேட்க எங்களுக்குத் தைரியம் இல்லை.

முக்கால் மணி நேரம் கழித்து முதல் வேன் வந்தது. பெண்கள் ஒவ்வொருவராக இறங்கினார்கள். ஒவ்வொருவரையும் யாராவது ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்டார்கள். அக்கா இறங்குகிறவர்களை வாய்விட்டு எண்ணினார். பதினொன்று வரை எண்ணினார். பன்னிரண்டாவதாகச் சண்முகத்தாய் இறங்கினார். தலையெல்லாம் சுண்ணாம்புத் தூசி. அந்தப் பிள்ளை ஓடிப்போய் இடுப்பைக் கட்டிக்கொண்டது.

“சாப்புட வெளிய வந்துட்டோம். உள்ள ஒரு ஆளு இல்ல. செவரு மட்டுந்தான் போச்சு” என்று அவர் எல்லாருக்கும் பொதுவாகச் சொன்னார். பிறகு எங்களைப் பார்த்தார். ஆச்சரியப்பட்டுப் போனார்.

“என்னம்மா, இம்புட்டுத் தூரம்? பசை சரியா வந்துருச்சா?”

கேலி இல்லை. குத்தல் இல்லை. நிஜமாகவே கேட்டார். தன் பொருட்டு ஒருத்தி சுவரில் தாள் ஒட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறாள், அது நல்லபடியாக முடிய வேண்டுமே என்ற அக்கறையில் கேட்டார். அக்கா நடுரோட்டில் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். சண்முகத்தாய்தான் அவர் கையைப் பிடித்து, “ஏம்மா, எனக்கு ஒண்ணுமில்லம்மா, இந்தா நிக்கேன்ல” என்று தேற்றினார். அந்தப் பிள்ளை தன் தண்ணீர்ப் பாட்டிலை நீட்டியது.

தண்ணீர் குடித்து முடித்ததும் அக்கா, “ஒன் நம்பரச் சொல்லு” என்றார். என் பையிலிருந்து பேனாவை எடுத்துத் தன் உள்ளங்கையில் எழுதிக்கொண்டார்.

அச்சகத்துக்குத் திரும்பியதும் என் பக்கத்தில் உட்கார்ந்து அவர் சொல்லச் சொல்ல நான் அடித்தேன். முதல் பக்கம். பெரிய எழுத்து. தலைப்பு வேண்டாம் என்றார்.

‘ஆடி இதழில் ஒரு பசைத்தூளைப் பற்றி நன்றாக ஒட்டும் என்று எழுதியிருந்தேன். அது சித்திரை வெயிலில் ஏழு நாள் மட்டும் பார்த்து எழுதியது. ஈரத்தில் அது ஒட்டாது. என்னை நம்பி வாங்கியவர்கள் மன்னிக்க வேண்டும். அதைக் காய்ச்சியவர்கள்மேல் எந்தப் பிழையும் இல்லை. தாயில்பட்டி சண்முகத்தாய் காய்ச்சியதையும் நான் காய்ச்சியதையும் ஒரே சுவரில் ஒட்டிப் பார்த்தேன். இரண்டும் ஒரே நாளில் கழன்றன. இருபத்தொரு நாள் பார்ப்பது என் வழக்கம். இம்முறை பதினான்கு நாள்தான் பார்த்திருக்கிறேன். மிச்சம் ஏழு நாளைப் பொறுக்க எனக்கு மனம் இல்லை.’

இதழ் வர இன்னும் ஐந்து நாள் இருந்தது. அக்கா அந்த ஒரு பக்கத்தை மட்டும் பிரிண்ட் எடுக்கச் சொன்னார். எடுத்துக்கொண்டு நேராகக் காலண்டர் யூனிட்டுக்குப் போனோம். முதலாளி கல்லாவில் இருந்தார். “வாங்கக்கா, இருங்க” என்றார். அக்கா உட்காரவில்லை. தாளை நீட்டினார்.

அவர் ஒருமுறை படித்தார். மறுபடி முதலிலிருந்து படித்தார். “என்னக்கா இது, ஒங்க பேர நீங்களே கெடுத்துக்கிடுதீக? இத ஊரெல்லாம் வாசிக்குமே” என்றார். பாவம், அவருக்கு உண்மையிலேயே வருத்தம்.

“வாசிக்கட்டும் அண்ணாச்சி.”

“சரி, அந்தப் பொம்பள மேல தப்பில்லன்னு இப்பத் தெரியுது. ஒங்க பொஸ்தகம் வெளிய வரட்டும். வந்ததும் கூப்பிட்டுக்கிடுதேன்.”

அக்கா கல்லாவுக்கு மேல் குனிந்து, மை கலைந்திருந்த உள்ளங்கையை அவர் முன்னால் விரித்தார்.

“பொஸ்தகம் அஞ்சு நாளு கழிச்சு வரும் அண்ணாச்சி. வெடி ஆபீஸ் வேன் நாளைக்குக் காலைல ஏழு மணிக்கு வருது. நம்பரு இந்தா இருக்கு. இப்பவே போடுங்க.”